மெஷினில் மீன் வாடை

“தட்டுல மீன் வாடை அடிக்குது ஜூலி, இதுல மனுஷன் எப்படிச் சாப்பிடறது?”

பாத்திரம் கழுவும் மெஷின் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, வேளை தவறாமல் என் வீட்டுக்காரர் மிக்கேல் சொல்லும் ஜெபம் இது.

“ரசஞ்சோத்துல எங்கேர்ந்துங்க மீன் வாடை வரும்?”

“நீயே மோந்து பாரேன்.”

பார்த்தேன். அடிக்கத்தான் செய்தது. அதுதான் எரிச்சலே.

“தனம் கழுவினப்போ வாயத் தொறக்காம சாப்ட்டீங்க. மெஷின் கழுவினா மட்டும் குத்தமா?”

“தனம் கழுவினா சுத்தமா இருந்துச்சு.”

“அதெல்லாம் இந்த மாசத்தோட சரி. இன்னிக்கு மெக்கானிக் வர்றான். மெஷின் சரியாயிட்டா அவளுக்கு இங்க வேலையில்ல. அவகிட்டயும் சொல்லிட்டேன்.”

மிக்கேல் தட்டைத் தள்ளி வைத்தார். “நான் ரொட்டி வாங்கித் தின்னுக்கறேன்” என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ரொட்டிக் கடைக்குப் போனால் வழியில் நாலு பேரிடம் நின்று பேசாமல் திரும்பமாட்டார்.

அவர் அந்தப் பக்கம் போக, மெக்கானிக் விமல்ராஜ் இந்தப் பக்கம் வந்தான். மெஷினைத் திறந்து அடியில் இருந்த சல்லடையைக் கழற்றியவன் மூக்கைச் சுளித்தான்.

“மேடம், வீட்ல கருவாடு சாப்பிடுவீங்களா?”

“கருவாடா? வாசப்படியே தாண்ட விடமாட்டேன்.”

சல்லடைக்கு அடியிலிருந்து ஊறிப்போன ஒரு துண்டை எடுத்துக் காட்டினான்.

“தட்டுலேர்ந்து விழுந்திருந்தா சல்லடைக்கு மேலயே நின்னுருக்கும். இது யாரோ கழட்டி, அடியில வெச்சது மேடம்.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. தனத்தின் வீடு வம்பாகீரப்பாளையத்தில். அண்ணன் தம்பி எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். காலையில் வீடு பெருக்க வந்தவளும் அவள்தான். வேலை போய்விடும் என்று மெஷினையே நாறடித்திருக்கிறாள்!

போனைப் போட்டேன்.

“ஏன்டி தனம், உன் புத்தியக் காட்டிட்டியே! கருவாட்டக் கொண்டாந்து மெஷினுக்குள்ள வெச்சியா? மாசக் கடைசியெல்லாம் வேணாம், இனிமே இந்தப் பக்கமே வராத!”

“சரிக்கா” என்றாள்.

அவ்வளவுதான். என்ன கருவாடு என்றுகூடக் கேட்கவில்லை. செய்தவள் எப்படிக் கேட்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

விமல்ராஜ் உள்ளே எல்லாம் துடைத்து, தட்டுகளை அடுக்கி ஒருமுறை ஓடவிட்டான். எடுத்து முகர்ந்தேன். ஒரு வாடையும் இல்லை.

“தண்ணி வர்ற பைப்பையும் பாத்துடறேன் மேடம்.”

அவனோடு தோட்டத்துப் பக்கம் போனேன். மிக்கேல் ரொட்டிப் பையோடு சமையலறைக்குள் நுழைவது ஜன்னல் வழியே தெரிந்தது. நாங்கள் திரும்பி வந்து காலை உள்ளே வைக்கக்கூட இல்லை, அதற்குள் “இன்னும் அடிக்குது ஜூலி!” என்றார்.

விமல்ராஜ் என்னைப் பார்த்தான். குனிந்து சல்லடையைக் கழற்றினான்.

அடியில் இன்னொரு துண்டு. தண்ணீரே படாத, மொறுமொறுவென்ற கருவாடு.

தனம் அவள் வீட்டில் இருக்கிறாள். இங்கே, பக்கத்து வீட்டுப் பூனை மிக்கேலின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, அவர் சட்டைப் பையை அண்ணாந்து பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

“என்னங்க இது?”

சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து மேடைமேல் வைத்தார். திருட்டு முழி வேறு.

“தனத்துக்குக் கண்ணு சரியாத் தெரியல ஜூலி. ரெண்டு வீட்ல நிறுத்திட்டாங்க. நாமும் விட்டுட்டா அவள வேற யாரு கூப்பிடுவா?”

“கண்ணு தெரியலையா? அவ கழுவின தட்டெல்லாம் பளபளன்னு இருந்துச்சே!”

“சாயங்காலம் அவ கழுவிட்டுப் போறத, காலைல நீ எழுந்திருக்கறதுக்குள்ள நான் இன்னொரு தரம் கழுவி வெச்சுடுவேன்.”

காலைப் பூசைக்கு விடியும் முன்பே எழுந்துகொள்கிறாரே, என்ன பக்தி என்று பங்குக் கோயிலில் ஒருத்தி விடாமல் பெருமையடித்திருக்கிறேன்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?”

“சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்ப.”

போனைக் கையில் எடுத்தேன். விமல்ராஜ், பார்த்து முடித்த பைப்பையே மறுபடி பார்க்க வெளியே போய்விட்டான்.

“இப்ப யாருக்குப் போன் பண்ற?” என்றார் மிக்கேல். சற்றுமுன் நான் தனத்திடம் பேசிய பேச்சு அவருக்குத் தெரியாது. அதை எந்த வாயால் சொல்வது?

அந்தப் பக்கம் மணி அடித்தது. எடுத்தாள்.

“தனம், நான்தான். கருவாடு வெச்சது யாருன்னு தெரிஞ்சுபோச்சு, அந்த ஆள நான் பாத்துக்கறேன். மெஷின் நமக்கு ஒத்துவராதுடி. நாளைக்குக் காலைல நேரத்தோட வந்துடு. மொதல்ல கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம், பாத்திரம் எங்க ஓடிடப் போவுது... தனம்? வர்றியா? ஒரு வார்த்தை சொல்லேன்டி.”