பயம் தெரியாத குடும்பம்

“அசையக் கூடாது, மருமகன்!” அபூதாஹிர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். முனாபின் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

முனாப் அப்போதுதான் ஓடுவதற்குக் கால் எடுத்திருந்தான். பூங்காவின் நடைபாதையை மறித்துக்கொண்டு ஒரு கிழட்டுக் கடுவன் குரங்கு உட்கார்ந்திருந்தது. அதன் கூட்டம் வாகை மரம் முழுக்கத் தொங்கியது.

கல்யாணம் முடிந்த முதல் வாரம். கிண்ணியாவிலிருந்து வந்த புது மாப்பிள்ளைக்குத் திருகோணமலையைக் காட்டவென்று மாமனார் குடும்பத்தையே காரில் ஏற்றி வந்திருந்தார். குரங்குகளைக் கண்டதும் பெண்களும் பிள்ளைகளும் காருக்குள் ஓடிக் கதவை அடைத்துக்கொண்டார்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த முகங்களில் புதுப்பெண் பரீனாவின் முகமும் ஒன்று.

குரங்கைவிட அந்த முகங்களுக்குத்தான் அவன் பயந்தான். பெண் வீட்டோடு வாழ வந்தவன். அங்கே எடுக்கும் பெயர் மௌத்தாகிக் குழிக்குள் போகும் வரை கூடவே வரும். மூத்த மருமகன் சரீப் ஒருநாள் சாரைப் பாம்பைக் கண்டு, உட்கார்ந்திருந்த கதிரையில் ஏறி நின்றவர். நாலு பிள்ளைக்குத் தகப்பனான பிறகும் அவர் ‘கதிரை மச்சான்’தான்.

“மாமா, மெல்லப் பின்னால போவமா?”

“எங்கட குடும்பத்தில பயந்தவன் பிறந்ததுமில்ல, வந்து சேர்ந்ததுமில்ல.”

“சரீப் மச்சான்...”

“அவர்ட கதைய இப்ப எடுக்காதீங்க!”

கடுவன் எழுந்து நேரே அவர்களை நோக்கி வந்தது. சின்ன வயதில் குரங்கு கடித்த தழும்பு முனாபின் தோளில் சில்லிட்டது. அவனைப் பிடித்திருந்த மாமனாரின் கை தொப்பலாக நனைந்திருந்தது. தன் வியர்வை அவர் கையையும் நனைத்துவிட்டதே என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

ஒரே பாய்ச்சல். கடுவன் மாமனாரின் தோளில் ஏறி உட்கார்ந்தது.

முனாபின் முன்னால் நின்ற அந்த அகன்ற முதுகு அசையவில்லை. குரங்கு அவருடைய துருக்கித் தொப்பியைப் பிடுங்கிக் குஞ்சத்தைக் கடித்துப் பார்த்தது. காருக்குள் மாமி “அல்லாஹ்!” என்று அலறினார். மாமனார் மூச்சுக்கூட விட்டதாகத் தெரியவில்லை.

இப்படியும் ஒரு மனிதரா! அவர் நிற்கும் வரை தானும் நிற்பதென்று முனாபும் நின்றான்.

கடைசியில் கடுவன் தொப்பியோடு மரத்துக்குத் தாவியது. கூட்டம் முழுவதும் சத்தமில்லாமல் கிளைக்குக் கிளை பாய்ந்து மறைந்தது. மூடிய காருக்குள் பிள்ளைகள் தங்கள் புதுச் சாச்சாவுக்காகக் கைதட்டினார்கள். “சாச்சாவும் ஓடல்ல! சாச்சாவும் ஓடல்ல!”

முனாபுக்கு உயிர் வந்தது. கையை மெல்ல இழுத்துப் பார்த்தான். மாமனார் விடவில்லை. திரும்பவும் இல்லை. அவனுக்கு மட்டும் கேட்கும்படி, கம்மிய குரலில் கேட்டார்:

“மருமகன், எல்லாம் போயிட்டுதா? நான் கண்ணைத் திறக்கட்டா?”