வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

செலின் தன் அம்மாவின் அறைக்குப் போட்டிருந்தது, கடலோரத்தில் இடித்த வெள்ளைக்காரத் துரை மாளிகையிலிருந்து வாங்கிய கதவு. மேலே பாதிச் சூரியன் செதுக்கியிருக்கும். தாழ்ப்பாள் வெளிப்பக்கம். நினைவு தடுமாறும் அம்மா தெருவில் இறங்கிவிடாமலிருக்க அதுவே வசதியாகிப்போனது.

அந்த மாளிகையைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த பழைய படத்தைத் தம்பி மதியம் கொண்டுவந்தான். லென்ஸ் வைத்துப் படத்தைப் பார்த்துவந்தவள், அதிலிருந்த மாடி வராந்தாக் கதவின் மேல் லென்ஸை நிறுத்தினாள். அதே சூரியன். தாழ்ப்பாள் போட்டிருந்தது. பக்கத்து ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒரு வெள்ளைக்காரக் கிழவி.

"துரையோட அம்மாவாம்க்கா. பின்னாடி எழுதியிருக்கு. பதினோரு வருசம் உள்ளயேதானாம், அவங்க நல்லதுக்குன்னு."

"செலினு, கதவு திறக்க மாட்டேங்குதுடி" என்று அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

'மழைக்கு மரம் உப்பிப்போச்சும்மா' என்று இரண்டு வருடமாகச் சொல்லிவரும் பதில் வாய்வரை வந்தது. வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.