மூன்று விரல் அளவு

சங்கிலிபூதத்தான் தன் தாயின் பாதங்களைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த டிரெஸ்ஸர் கிருபைராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து அந்தக் கொட்டகையில் அவர் பார்த்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மற்றதெல்லாம் குமட்டல். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கொட்டகை அது. வேட்டியையும் சேலையையும் முட்டுக்கு மேலே தூக்கச் சொல்லி, சந்தை மாட்டைப் பார்ப்பதுபோல சனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் கங்காணி வேதமுத்து.

கணுக்கால் இரண்டையும் ஒட்டவைத்து நிற்க வேண்டும். முட்டுகளுக்கு நடுவே மூன்று விரலுக்கு மேல் நுழைந்தால் மலையேற லாயக்கில்லை, ஊரைப் பார்க்கத் திரும்ப வேண்டியதுதான். அந்த விரல்கள் கிருபைராஜுடையவை, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடப் பழகியவை. இந்தப் பிழைப்பும் ஒரு பிழைப்பா என்று தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது அவருக்கு.

"அடுத்த ஆளு! ஏய் கெழவி, சேலையத் தூக்கு!" என்றார் கங்காணி.

உச்சினி கூசிப்போய் மகனைப் பார்த்தாள்.

"பைய நில்லு அம்மை," என்று சங்கிலிபூதத்தான் அவள் தோளைத் தாங்கிக்கொண்டான். "வள்ளியூர்லேருந்து ரெண்டு நாளுய்யா. வண்டியில ஏத்துனா குலுக்கத்துல கெழவி தாங்க மாட்டான்னு பொண்டாட்டி பிள்ளையள மட்டும் ஏத்திவிட்டுட்டு, இவளக் கையப் பிடிச்சு நடத்தியே கூட்டியாந்தேன்."

முட்டு இரண்டும் வீங்கியிருந்தன. கால்கள் வெளிப்பக்கம் வில்லாக வளைந்திருந்தன. கிருபைராஜ் விரலை நுழைத்தார். நாலு விரல் தாராளமாகப் போயிற்று.

"ஆகாது. தள்ளும்வே அங்கன," என்றார் கங்காணி, வெற்றிலைச் சாற்றை அவள் காலடியிலேயே துப்பிவிட்டு.

"என்னத் தள்ளிராதிய சாமி!" உச்சினி கதறிவிட்டாள். "இருந்த குடிசையும் போச்சு. பேரப்பிள்ளையள விட்டுட்டு நான் ஆரு வாசல்ல போயி நிப்பேன்?"

மகனும் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "அம்மை இல்லாம நான் எப்படிப் போவேன்?"

"அப்பம் நீயும் இங்கனயே கெட. கப்பலு ஒனக்காவ நிக்காதுலே."

கிருபைராஜ் தன் விரல்களைப் பார்த்தார். பெற்றவளையும் பிள்ளையையும் பிரிக்கத்தானா கர்த்தர் தனக்கு இந்த விரல்களைக் கொடுத்தார்?

"அவசரப்படாதேயும், கங்காணி," என்றார். "நடந்து வீங்குன முட்டு இது. நிக்கவச்சு அளந்தா தப்பாத்தான் காட்டும். படுக்கவச்சு அளக்கணும்."

பச்சைப் பொய். உடம்புப் பாரம் இறங்கும்போதுதான் காலின் உண்மையான வளைவு தெரியும், படுத்தால் அது பாதி நேராகிவிடும். இது அவருக்குத் தெரியும், கங்காணிக்குத் தெரியாது.

உச்சினியை ஓலைப்பாயில் படுக்க வைத்தார்கள். முட்டுகளைக் கையால் கொஞ்சம் அழுத்தியே பிடித்தார் கிருபைராஜ். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் கிடந்தாள். இப்போது விரல் நுழைவதே சிரமமாயிருந்தது.

"மூணு விரலுதான். தேறிட்டா," என்று சத்தமாகச் சொன்னார். கங்காணி முணுமுணுத்துக்கொண்டே பெயரைப் பதிந்தார்.

உச்சினி எழுந்து உட்கார்ந்து டிரெஸ்ஸரை இரண்டு கையாலும் கும்பிட்டாள்.

கிருபைராஜ் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினார். இன்றைக்கு ஒரு பாவத்தையாவது செய்யாமல் விட்டோம் என்று மனசு லேசாகியிருந்தது. பின்னாலேயே சங்கிலிபூதத்தான் ஓடிவந்தான்.

நன்றி சொல்லத்தான் வருகிறான் என்று நினைத்து, "போலே, அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். அம்மையப் பக்கத்துல இருந்து கவனிச்சுக்கோ," என்றார்.

அவன் கன்னம் காய்ந்திருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் காதருகே வந்தான்.

"அந்தக் கெழவியக் கழிச்சு விட்டுருங்கய்யா."