ஒரு சதம் மிச்சம்

மூன்றாவது ஞாயிறாகவும் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிளாக்கர் லோரன்ஸ், இரத்தோட்டையில் ஞானரட்ணத்தின் கடைக்கு வந்து நின்றான்.

"அந்த ஒரு சதம் மிச்சம்..."

காசுப்பெட்டிக்குப் பின்னால் இருந்த டொறீன் தலை நிமிரவில்லை. "சில்லறை இல்லீங்க. அடுத்த ஞாயிறு வாங்க."

அவளுடைய அப்பா ஞானரட்ணத்துக்கு மானம் போனது. "ஏன் தம்பி, ஒரு சதம் வாங்க இருபது சதம் பஸ்ஸுக்குக் குடுத்து வாறீங்களே?"

"கவர்மெண்டே ஒரு சதம் அடிக்க ரெண்டு சதம் செலவழிக்குதாம் முதலாளி. நான் மட்டும் கணக்குப் பாக்கலாமா?"

மறுநாளே ஞானரட்ணம் மாத்தளை வங்கிக்குப் போய், ஐந்து ரூபாயை ஒரு சதக் காசுகளாக மாற்றி, ஒரு பையில் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தார். "இனி யாருக்கும் இல்லன்னு சொல்லி என் பேரைக் கெடுக்காத."

அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து கடை திறந்ததும் லோரன்ஸ் வந்தான்.

"சில்லறை இல்லீங்க" என்றாள் டொறீன்.

ஞானரட்ணம் பெட்டியைத் திறந்து பார்த்தார். காசுப் பை காலியாகக் கிடந்தது.

"எல்லாம் குடுத்து முடிஞ்சிருச்சுப்பா."

அன்று மாலை வழக்கம்போல் கோயில் காணிக்கை எண்ணப் போனார். உண்டியலைக் கவிழ்த்ததும் ஒரு சதக் காசுகள் மேசை நிறையக் கொட்டின.

"யாரு ஞானரட்ணம் இப்பிடிப் போட்டது?" என்று சலித்துக்கொண்டார் பங்குச் சுவாமி.

ஞானரட்ணம் ஒரு சதக் காசுகளை எண்ணி முடித்தார்: சரியாக ஐந்நூறு.

"கலியாண அறிவிப்பு ஓலை வாசிக்கக் கோயிலுக்கு எவ்வளவு கட்டணும், சுவாமி?"

"அஞ்சு ரூபா. ஏன்?"

"அப்ப சரி. மக கட்டிட்டா."