மிச்ச நூலில் இலைகள்

ஜன்னல் கம்பியில் தொங்கிய உல்லன் இலைகளைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுச் செண்பகம் என் மனைவியிடம் கேட்டாள்: “மிச்ச நூல்ல போட்டேன்னு சொல்லுதியளே வடிவக்கா, அப்போ முழுசு எங்க? அண்ணாச்சிக்கு ஸ்வெட்டரா? இந்த வெயில்ல அவிஞ்சிர மாட்டாவளா?”

வடிவு தலை நிமிராமல் குரோஷா ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தாள். நானும் செய்தித்தாளை இறக்கவில்லை.

தன்னிஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு மலைநகரம் ஒன்றுக்குப் போய்விட்ட மகளின் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று சொன்னவன் நான். குடும்பத்துக்கு மானம் என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பேச்சிலிருந்து நான் இறங்கியதில்லை. வடிவும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. வருடத்துக்கு ஒரு கண்டு நூல் வாங்குவாள், அவ்வளவுதான்.

செண்பகம் போனதும் எழுந்து ஜன்னலருகே சென்றேன். முதல் வருடத்து மஞ்சளில் பதினோரு இலைகள் இருந்தன. அடுத்த வருடத்துப் பச்சையில் ஒன்பது. போன வருடத்துச் சிவப்பில் ஐந்துதான். இந்த வருடத்துப் பழுப்பு, வடிவின் மடியில், இரண்டாவது இலையின் காம்புக்கே போதாமல் தீர்ந்திருந்தது.

பேரனா பேத்தியா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் பிள்ளை வளர்கிறது.

கையைத் தொடை உயரத்தில் நீட்டிப் பார்த்தேன். பிறகு இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

“என்னத்தப் பாக்குதிய?” என்றாள் வடிவு.

“அடுத்த வருஷம் ஒரு கண்டு காணாதுட்டி,” என்றேன். “ரெண்டா வாங்கு.”