வியாழன் 11.40, இடது கை

நடக்கப்போகும் ரசாயன விபத்துகளை முன்கூட்டியே பதிவு செய்யும் தரவுத்தளத்தில் மங்கையர்க்கரசியின் பெயர் வந்திருந்தது. வியாழன் 11.40, அமோனியா கசிவு, இடது கை வெந்தது. தொழிற்சாலையில் அவள் வால்வு ஆபரேட்டர்.

மேலாளர் தேவசகாயத்திடம் காட்டினாள். "பதிவாகிடுச்சேம்மா, பர்னால் வாங்கி வச்சுக்கோ" என்றார்.

அவள் புதன்கிழமையே ஸ்பேனரோடு போய், வால்வில் இற்றுப்போயிருந்த கேஸ்கெட் வளையத்தைத் தானே மாற்றினாள். வியாழக்கிழமை 11.40-க்கு எதுவும் கசியவில்லை. அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு கேட் திறக்கவில்லை. தரவுத்தளத்தின்படி அவளுக்குப் பதினான்கு நாள் மருத்துவ விடுப்பு. பத்து விரல்களையும் கேட்டுக்கு வந்த தேவசகாயத்தின் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பதிவை அழிக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை அவரே போன் செய்தார். "நாளைக்கு மூணாம் நம்பர் வால்வாம். என் பேர் போட்டிருக்கு. கொஞ்சம் வந்து கேஸ்கெட்டை மாத்திக் குடும்மா."

"எப்படி சார் வர்றது? எனக்குத்தான் கை வெந்திருக்கே."

அவர் மறுபடியும் கெஞ்சினார். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"சரி, முதல்ல அமோனியா லைனை மூடுங்க" என்றாள். "ஸ்பேனர் பிடிக்கத் தெரியும்ல?"