ராம் விலை இறங்கட்டும்

“பொருத்தம் பாக்காம அவசரப்பட்டுச் சேத்து வெச்சா, பின்னாடி கஷ்டப்படப்போறது நீங்கதாங்க,” என்றான் மாறன். “தை பொறக்கட்டும். இன்னும் நல்லதா அமையும்.”

“இல்லைங்க. பொங்கலுக்குள்ள முடிச்சிடணும்னு வீட்ல சொல்லிட்டாங்க,” என்றாள் அன்புச்செல்வி.

தெருவில் போகிறவர் காதில் இது விழுந்திருந்தால் கல்யாணத் தரகர் வீடு என்றே நினைத்திருப்பார். ஆனால் இருவருக்கும் நடுவே கண்ணாடி மேஜையில் கிடந்தவை ஒரு மதர்போர்டும் ஒரு பிராசசரும். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் மாறனுக்கு வயது முப்பது, இன்னும் தனிக்கட்டை.

ஆறு மாதத்துக்கு முன்னால், ஆனி மாதத்தில் ஒரு நாள், கீழ்பென்னாத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் இந்தக் கடைக்குள் நுழைந்தாள். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், தனித்தனிச் சாமானாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம், நாற்பதாயிரத்துக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாறன் அந்தச் சிரிப்பிலேயே விழுந்துவிட்டான்.

விழுந்தவனுக்கு உடனே ஒரு கவலை பிடித்துக்கொண்டது. சாமான் வாங்கிவிட்டால் அவள் எதற்காக மறுபடி வரப்போகிறாள்? நல்லபடியாகச் சேர்த்துக் கொடுத்தால் ஐந்து வருஷத்துக்கு ரிப்பேருக்குக்கூட எட்டிப் பார்க்கமாட்டாள். அதனால் எந்த வியாபாரியும் செய்யாத காரியத்தை அவன் செய்தான். வந்த கிராக்கியை வாங்கவிடாமல் பார்த்துக்கொண்டான்.

ஆடியில் புதுச் சாமான் வாங்கக்கூடாது என்றான். ஆவணியில், புது மாடல் வரப்போகிறது என்றான். புரட்டாசியில் தீபாவளி ஆஃபரைக் காட்டினான். தீபாவளி போனதும் ராம் விலை இறங்கட்டும் என்றான். கார்த்திகையில், தீபம் முடிகிறவரை கூரியர் வண்டியை ஊருக்குள் விடமாட்டார்கள் என்று சாமியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டான். அவளும் ஒவ்வொரு முறையும் சரிங்க என்று தலையாட்டிவிட்டுப் போவாள், அடுத்த மாதம் வந்து நிற்பாள்.

வந்தவளைச் சும்மா அனுப்ப மனசு வருமா? பாடம் நடத்தினான். அவளுக்கு என்ன வேலை, எங்கே வேலை என்று ஒரு வார்த்தை கேட்கக்கூட இடம் விடாமல் நடத்தினான். “ராம்னா அடுப்பு மேடை மாதிரிங்க. மேடை பெருசா இருந்தா நாலு பாத்திரம் ஒண்ணா ஏத்தலாம்.” அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அவள் முகத்தையே பார்த்தபடி, புது மதர்போர்டுக்குப் பழைய ரக ராமை எடுத்து வைத்துவிட்டான். இதன் அடியில் இருக்கும் வெட்டு கொஞ்சம் தள்ளி இருக்கிறதே, உள்ளே உட்காருமா என்று மெதுவாகக் கேட்டாள் அன்புச்செல்வி. மாறனுக்குத் தலைகால் புரியவில்லை. நாம் நடத்துகிற பாடம் என்னமாய் மண்டையில் ஏறுகிறது என்று பூரித்துப்போய், அன்றைக்கு டீயோடு சமோசாவும் சொன்னான்.

இன்று மார்கழி. அவள் விடுவதாக இல்லை. பணத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். வேறு வழியில்லாமல் மாறன் கால்குலேட்டரைத் தட்டினான். ஆடியில் நாலாயிரத்துக்குக் கிடைத்த ராம் இப்போது பதினாலாயிரத்தில் நின்றது. மொத்தம் போட்டால் ஐம்பது.

இரண்டாம் முறை தட்டினான். அப்போதும் ஐம்பதுதான். நாற்பதாயிரத்துக்குள் கச்சிதமாக முடிந்திருக்க வேண்டிய கம்ப்யூட்டர், தன்னால் அவள் கைக்கு எட்டாமல் போய்விட்டதே என்று கால்குலேட்டரைத் தள்ளி வைத்தான்.

“நாப்பதே குடுங்க. மிச்சம் நான் போட்டுக்கறேன்,” என்றான்.

“நீங்க ஏங்க போடணும்?”

சொல்வதற்குப் பொய் எதுவும் மிச்சம் இல்லை. உண்மையைச் சொன்னால் அவள் இனி இந்தக் கடைப் படி ஏறமாட்டாள். சொல்லாவிட்டாலோ, நாளைக்குக் கண்ணாடியில் தன் மூஞ்சியைத் தானே பார்க்க முடியாது. மாறன் கண்களை இறுக மூடிக்கொண்டு போட்டு உடைத்தான்.

“ஆடி, ஆஃபர், கூரியர் எல்லாமே பொய்ங்க. அப்பவே வாங்கியிருந்தா கம்மியில முடிஞ்சிருக்கும். வாங்கிட்டா அப்புறம் நீங்க வரமாட்டீங்களேன்னு நாந்தான் இழுத்தடிச்சேன்.”

கைப்பையின் ஜிப் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவுதான், கிளம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே கண்ணைத் திறந்தான்.

அவள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் சீல் பிரிக்காத ராம் ஒன்று இருந்தது. பதினாறு ஜிபி, அந்த மதர்போர்டுக்கே உரிய ரகம். பக்கத்தில் சென்னை ரிச்சி தெருக் கடை ஒன்றின் பில். அதில் தேதி ஜூலை மாதம், அதே ஆடி; விலை நாலாயிரம்.

மாறன் பில்லைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி பில்லைப் பார்த்தான்.

“எந்த ராம் உக்காரும், எது விலை ஏறும்னு உங்களுக்கு அப்பவே எப்படிங்க தெரியும்?”

சிரிப்பை அடக்க அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திப் பார்த்தாள். முடியவில்லை.

“பாலிடெக்னிக்ல ஹார்டுவேர் பாடம் நாந்தாங்க எடுக்கறேன்.”